புலனமும் உள்ளச் சோர்வும்

உடல் தளர்ந்தவர் ஓரிரவு உறங்கி எழுந்தால் தெளிவு பெறுவர். உள்ளச் சோர்வு உறக்கத்தால் மட்டும் நீங்குவதன்று. இதனை அளத்தற்கென வினாநிரல் ஒன்றை 1981-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்க உளவியலாளர்களாகிய கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் ஆவர். செவிலியர், ஆசிரியர் போன்றோர் தம் அன்பையும் பொறுமையையும் நாள்தோறும் பிறர்க்கு வழங்குகின்றனர். இனி வழங்க ஒன்றுமில்லை என்னும் நிலையை அவர்கள் எய்துவதையே உணர்வுச் சோர்வு என்கின்றனர். அதனோடு, எதிரில் இருப்பவரை ஆளாகக் கருதாத மனப்பான்மையும், தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணமும் சேர்ந்துவிடுவதுண்டு.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியத் தமிழாசிரியர்க்கு இந்நிலை நேர்ந்த வகை கருதத்தக்கது. 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, கரும்பலகையின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. ஆனால் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் மின்கருவி ஏதும் இல்லையெனக் கல்வி அமைச்சின் ஆய்வு அவ்வாண்டில் காட்டிற்று. தோட்டப்புறத்தில் வீட்டுக்கொரு கைப்பேசி; அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பிய பின்னரே பிள்ளை பாடத்தைப் பார்க்கும். எனவே எழுதிய விடையின் படம் ஆசிரியைக்கு இரவு பத்து மணிக்கு வந்தது. அதே புலனத்தில் உறவினர் மறைந்த செய்தி வந்தது. கசாயம் குடித்தால் நோய் அணுகாது என்னும் பொய்யுரை வந்தது. தலைமையாசிரியர் கேட்கும் அறிக்கையும் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மணியோசைதான். எடுத்தால் எது காத்திருக்கும் என்பதை அறிய வழியில்லை; எடுக்காதிருக்கவும் இயலவில்லை.

சமூக ஊடகமே இச்சோர்வுக்குக் காரணமா? 2020 தொடக்கத்தில் சீனாவில் 4,872 பேரிடம் நடத்திய ஆய்வில், 82 விழுக்காட்டினர் அடிக்கடி சமூக ஊடகச் செய்திகளைக் கண்டவர்கள். குறைவாகக் கண்டோரைவிட இவர்களிடம் பதற்றம் மிகுதியாக இருந்தது. எனினும் செய்தியால் பதற்றம் வந்ததா, பதற்றமுற்றோர் செய்தியைத் தேடி ஓடினரா என்பதை ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு உறுதிப்படுத்தாது. பொய்யுரையின் வேகத்தை மட்டும் குறைக்க முடிந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் எனப் புலன நிறுவனம் 2020 ஏப்ரலில் வரையறுத்தது. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது.

மறுபுறமும் உண்டு. 2021 சூன் இறுதியில் மலேசியாவில் வெள்ளைக் கொடி இயக்கம் எழுந்தது. உணவின்றித் தவித்தோர் வீட்டு வாயிலில் வெள்ளைத்துணியைக் கட்டினர். அப்படத்தை அயலார் முகநூலில் பகிர, அரிசியும் பருப்பும் வாயிலுக்கே வந்தன. இறுதிச் சடங்கிற்குச் செல்லவியலாத உறவினர் கைப்பேசித் திரையிலேனும் முகம் கண்டு அழுதனர். 1984-இல் லாசரஸ், ஃபோக்மன் என்னும் அறிஞர்கள் இடர் தாங்கும் வழியை இரண்டாக வகுத்தனர்: இடரையே நீக்க முயல்வது ஒன்று, இடர் தரும் துயரைத் தணிப்பது மற்றொன்று. அரிசி வந்தது முதலாம் வழி. திரைவழி அழுதது இரண்டாம் வழி. இவ்விரண்டிலும் ஒருவர் கேட்க மற்றொருவர் செவிசாய்த்தார். நள்ளிரவில் விரலால் தள்ளித் தள்ளி இறந்தோர் கணக்கைப் பார்த்திருப்பதில் அத்தகைய மறுமொழி ஏதுமில்லை.

கைப்பேசியை அணைத்துவிடுக என்று அறிவுரை கூறுவோர் உளர். கூறுதல் எளிது. அணைத்தால், பத்து மணிக்கு மட்டுமே கருவி கிடைக்கும் பிள்ளையன்றோ முதலில் விடுபடும்? ஆதலின் குறைக்க வேண்டியவை வேறு. அறிக்கை கேட்கும் செய்தியைத் தலைமையாசிரியர் மறுநாட் காலை அனுப்பலாம். ஆசிரியர் குழுவில் கைமாறி வரும் பொதுச் செய்திகளை நிறுத்தலாம். பாடத்திற்கெனத் தனிக்குழு அமைத்து, ஏனையவற்றின் மணியோசையை அடக்கி வைக்கலாம். அவ்வாறாயின் இரவில் ஒலிக்கும் மணி பெரும்பாலும் ஒரு பிள்ளையின் விடைத்தாளாகவே இருக்கும்.