உங்களுக்குத் தெரியுமா? பஞ்ச காலத்தில் பட்டறையை மூடும் அமீபா

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் காடொன்றில், உதிர்ந்து மக்கிய இலைகளினின்று கென்னத் ரேப்பர் என்னும் விஞ்ஞானி 1933-இல் பிரித்தெடுத்து, 1935-இல் உலகுக்கு அறிவித்த டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்ற சளிப்பூஞ்சை, பெயரளவில்தான் பூஞ்சை. சுபிட்ச காலத்தில் அது மண்ணிலுள்ள பாக்டீரியாக்களை விழுங்கிக்கொண்டு தனித்தனியே திரியும் வெறும் அமீபா.

உண்டு பெருகும் அந்நாட்களில் அதன் பெரும் உழைப்பு ரைபோசோம்களை ஆக்குவதிலேயே கழிகிறது. புரதங்களைச் சமைக்கும் அந்த நுண்ணிய பட்டறையில், ஆர்.என்.ஏ.யோடு ஏறக்குறைய 80 விதப் புரதங்கள் பிணைந்திருப்பதால், அத்தனைக்குமுரிய மரபணுக்களும் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். இரை தீர்ந்ததும் நடப்பதுதான் விசித்திரம். அப்புரதங்களைச் செய்யும்படி ஆக்ஞை தாங்கிவரும் தூது ஆர்.என்.ஏ. ஓலைகள் உடனே கிழித்தெறியப்படுவதில்லை; ஓலை கையிலிருக்க, அதைப் படிப்பது மட்டும் முதலில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது (செட்டாகக் குடித்தனம் நடத்துவோர் இதை மெச்சக்கூடும்). பின்னர், சுழல் ஏ.எம்.பி. என்ற இரசாயனத்தின் அழைப்புக்கு இணங்கி அமீபாக்கள் ஆயிரக்கணக்கில், சில வேளை ஒரு லட்சம் வரையிலும், திரண்டு கூடும் தறுவாயில்தான் அவ்வோலைகளும் சிதைந்து மறைகின்றன.

கூடிய கூட்டம், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓடில்லா நத்தைபோல் வெளிச்சத்தை நாடி ஊர்ந்து, பட்டினி தொடங்கிய ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மெல்லிய காம்பும் அதன் உச்சியில் வித்துத்திரளுமாக நிமிர்ந்துவிடுகிறது. காம்பாக அமைந்த ஐந்திலொரு பங்கு அமீபாக்கள் மடிகின்றன. வித்துக்களோ, ஈரமும் இரையும் வாய்த்த இடத்தில் மறுபடியும் அமீபாக்களாக வெளிவருகின்றன.