மானூர்ச் சபை

பிளவக்கல் மலையடிவாரத்திலிருந்து நெல்லைக்குச் செல்வோர் இராசபாளையம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்களைக் கடந்து மானூரை அடைவர். அவ்வூர்க் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டொன்று உளது. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமையுடைய அது, ஊர்ச்சபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகளைக் கூறுகின்றது.

சபையில் அமர்வதற்கு நிலமும் கல்வியும் ஒழுக்கமும் வேண்டும் என்பது பிறவிடத்தும் காண்பதே. மற்றொரு விதியோ வியப்பிற்குரியது. எக்கருமத்தைக் கொண்டுவரினும் ‘அன்று, அன்று’ என மறுத்துத் தடுப்பாரும், அவருக்குத் துணைநிற்பாரும், கருமந்தோறும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பதே அது.

காரணம் காட்டி மறுப்பவனுக்கு விடை கூறலாம். அவன் சொல்வது தக்கதாயின் கருத்தைத் திருத்திக்கொள்ளவும் செய்யலாம். வெறும் மறுப்புக்கு என்ன விடை கூறுவது? பேச்சு அங்கேயே நின்றுவிடும். துணைநின்றாரையும் தண்டித்தது நுட்பமானது. ஒருவன் குரலைப் பதின்மர் ஆராயாது எதிரொலிப்பின், அதுவே ஊரார் கருத்தெனத் தோன்றிவிடுமன்றோ? ஆயினும், நேர்மையாக மறுக்க எண்ணியவனும் தண்டத்திற்கு அஞ்சி வாய்மூடியிருத்தல் கூடும். இவ்விதியின் குறை இது.

நம் மக்களவையில் பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் முறை 1957 ஆம் ஆண்டில் புகுந்தது. ஏற்போர்க்குப் பச்சை, மறுப்போர்க்குச் சிவப்பு. எனினும், உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் அப்பொத்தானுக்கு வேலையில்லை. விவாதம் முடிந்து, மணி ஒலித்து, கதவுகள் அடைக்கப்பட்ட பின்னரே விரல் அதனை நாடும்.