ஆறேகால் சென்ட்டில் ஒரு வீடு

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளின் நடைபாதையில் காலாற நடந்து போனால், எந்தக் கதவுக்குப் பின்னால் தோட்டத்துக் குடும்பம் குடியிருக்கிறது என்பதைப் பெயரைக் கேட்காமலே ஊகித்துவிடலாம். கதவோரம் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருக்கும். அதன் அடியில் ஆணியால் குத்திய நாலைந்து துளைகள். வாளிக்குள் இடுப்பளவு வளர்ந்த கறிவேப்பிலை. பக்கத்து டின்னில் கற்பூரவல்லி, கம்பியில் கட்டிய சணல் கயிற்றைப் பிடித்து ஏறும் வெற்றிலைக் கொடி. லிப்ட்டில் ஏறி வந்த மண் அது. எவரோ ஒருவர் பை பையாகச் சுமந்து வந்து நிரப்பியிருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். கெக் லோக் சி கோயிலுக்கும், 1923 முதல் ஓடும் பினாங்கு மலை ரயிலுக்கும், புளிப்புச் சுள்ளென்று ஏறும் லக்சாவுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆனால் இதுவும் ஒரு காலத்தில் தோட்டம்தான். இன்று மாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பண்டார் பாரு ஆயர் ஈத்தாமின் நிலம் தியன் தெய்க் எஸ்டேட் என்று அழைக்கப்பட்டது. நெடுஞ்சாலைப் பெயரில் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. பெருநிலத்து ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள், தோட்டமாக இருந்த இன்னொரு மண்ணின் மேல் வாளிகளில் தோட்டம் போட்டிருக்கின்றன.

இந்த வாளிகளுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

கப்பல் இறங்கிய இடம்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணத்துக்குப் பிறகு பார்த்த முதல் மலாயாக் கரை பினாங்கு. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மலரும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர்களாக வந்தவர்கள் நேரே ஊருக்குள் போய்விட முடியாது. தீவுக்குக் கிழக்கே உள்ள ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. அங்கே மருத்துவச் சோதனை முடிந்த பிறகுதான் பெருநிலத் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள்.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின் ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்ட, அதிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஆரம்பத்தில் வந்தவர்களில் ஆண்களே அதிகம். பிறகு மனைவி, தங்கை, மாமியார் என்று குடும்பமாக வரத் தொடங்கினார்கள். வயலும் குளமும் கோயிலும் உள்ள ஊரை விட்டு, காட்டை வெட்டி மரம் நட்ட இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள். அங்கே சந்தை கிடையாது. தாய்மாமன் வீடு நடக்கும் தூரத்தில் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வர முடியாது. குடித்தனம் என்பதையே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

தோட்ட வரலாறு எழுதியவர்கள் ரப்பர் விலையையும் ஏக்கர் கணக்கையும் சங்கப் போராட்டங்களையும் எழுதினார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பத்துக்குப் பத்து அறையை ஒரு வீடாக்கிய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

விடியுமுன் தொடங்கும் வீடு

பால்மரத்தை விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். இந்த ஒரு காரணம்தான் தோட்டத்து வீடுகளின் கடிகாரத்தைத் தீர்மானித்தது. இருட்டிலேயே பெரட்டு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, சோறு வடித்து, வரக்காப்பி போட்டு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகையில் விட்டு வர வேண்டும். நான்கு மணிக்கு எழாத பெண் பெரட்டுக்குப் பிந்துவாள்.

கொட்டகையில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். பெரும்பாலும் பழைய சேலைத் தொட்டில்கள். தோட்ட வேலைக்குப் போக முடியாத மூத்த பெண் ஒருவர் ஆயாவாக இருந்து அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். சொந்தப் பாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த தலைமுறைக்கு ஆயாதான் பாட்டி.

நிரையில் நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் ஆணுக்கு வேலை முடிந்தது. பெண்ணுக்கு அங்கேதான் இரண்டாம் பெரட்டு. விறகு பொறுக்க வேண்டும், பைப்படியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். பால்வெட்டுச் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும்: பால் பட்ட இடம் காய்ந்து கறுத்து, தோல் போல விறைத்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் வேலைத் துணிக்குத் தனிக் கொடி. முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அங்கேயே தொங்கும், வீட்டுக்குள் வராது. கட்டிப்பாலின் நாற்றத்தை வாசலோடு நிறுத்திவிட வேண்டும் என்பது லயத்துப் பெண்களின் பிடிவாதம். உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் சாம்பிராணி மணக்க வேண்டும்.

சட்டம் கொடுத்த துண்டு நிலம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. குடும்பம் உள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும், பயிர் செய்யவோ கால்நடை வளர்க்கவோ, ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது அது. தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால் ஆறேகால் சென்ட். அந்த நிலம் லயத்துக்குப் பக்கத்திலா, மேட்டிலா, சதுப்பிலா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. கிடைத்த இடத்தைப் பெண்கள் விட்டுவைக்கவில்லை.

முதலில் நட்டது முருங்கை. ஒரு கொம்பை ஒடித்து ஊன்றினால் போதும், அடுத்த மழைக்குள் கீரை கிடைத்துவிடும். பிறகு வாழை, மரவள்ளி, சேம்பு, கத்தரி, மிளகாய், பந்தலில் அவரை. அடுப்படிக்குப் பின்னால் அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடும் வாய்க்காலின் முடிவில் எப்போதும் ஒரு வாழைக்குலை சாய்ந்து நிற்கும். காட்டோரப் பெரணிக் கீரையையும் காங்கோங்கையும் மலாய்க்கார அண்டை வீட்டாரைப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள். தேங்காயும் நெத்திலியும் சேர்ந்த சம்பல் தமிழ் வீட்டுச் சோற்றோடு சேர்ந்தது இப்படித்தான்.

பசு வாங்கியவர்கள் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக்கும் பக்கத்துப் பட்டணத்துக்கும் பால் ஊற்றினார்கள். கோழி, ஆடு வளர்த்தவர்கள் தீபாவளிக்கு விற்றார்கள். இந்தச் சில்லறைதான் ‘கூட்டு’ ஆனது. பத்துப் பதினைந்து பெண்கள் மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. ஒரு கூட்டு விழுந்தால் ஒரு காப்பு, இன்னொன்று விழுந்தால் பிள்ளையின் பள்ளிச் செலவு. இந்தப் பழக்கம் நாடு முழுவதும் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அதைத் தடை செய்ய 1971இல் வந்த மலேசியச் சட்டமே சான்று. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது.

சம்பளம் குறைந்தபோது

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. கூலி வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியை அனுப்பியது. 1937இல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி, பத்துக் காசு குறைவு. மறு ஆண்டே கூலி மறுபடி குறைக்கப்பட, 1938இல் உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயா போவதை இந்திய அரசு நிறுத்தியது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்குக்குள் நுழைந்தார்கள். அரிசி மறைந்தது. வேலியோரத்து மரவள்ளி மூன்று வேளைச் சாப்பாடு ஆனது: அவித்து, துருவி, மாவாக்கி, களியாக்கி. சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்களைக் கொண்டு போனார்கள். பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வரவில்லை. எஞ்சியவர்களை உயிரோடு வைத்திருந்ததில் அந்த ஆறேகால் சென்ட்டுக்கும் அதைக் கொத்திய கைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இதற்கு எந்த ஊரிலும் நினைவுத்தூண் இல்லை.

வீடு யாருடையது?

இத்தனை செய்தும் வீடு அவர்களுடையதாகவில்லை. லயம் தோட்டத்துச் சொத்து. வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போச்சு. விடுதலைக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இந்த உண்மை முகத்தில் அறைந்தது. அப்போது ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் சொன்னார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. அந்தப் பத்து வெள்ளியில் கோழி விற்ற காசும் பால் ஊற்றிய காசும் கலந்திருந்தன.

ஆனால் எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்ததும் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். குடும்பங்கள் மெல்ல மெல்ல ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் மாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அம்மி, ஆட்டுக்கல்லை விட்டு வந்தவர்கள் உண்டு. கறிவேப்பிலைக் கன்றை விட்டு வந்தவர்கள் குறைவு.

லயத்தில் அடுப்பு மூட்டிய தலைமுறையில் எஞ்சியிருப்பவர்களுக்கு இன்று எண்பது வயது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவரும் தன் பாட்டியிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு எழுந்தாய், பின்னால் என்ன நட்டாய் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினால், எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு வரலாறு கிடைத்துவிடும். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் மாடிகளில் மாலையில் சமையல் வேலை தொடங்குகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மலைக்கு மேலே 1962இல் கட்டிய அணை இருக்கிறது, குடம் தூக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடாமல், ஒரு கிண்ணத்தில் பிடித்து, கதவைத் திறந்து வெளியே வந்து பெயிண்ட் வாளியில் ஊற்றுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா கறி மீக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு நிற்கிறார். உருவிக் கொடுத்துவிட்டு, “பசியாறியாச்சா?” என்று கேட்கிறார் வீட்டுக்காரம்மா.