கதிரின் மஞ்சள், கண்ணின் மஞ்சள்

தை பிறந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சாலையில் பாதி மஞ்சளாகிவிடும். மானாவாரிக் கரிசலில் விளைந்த மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அதே மஞ்சள் உங்கள் கண்ணுக்குள்ளும் இருக்கிறது.

விழித்திரையின் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் 'மாக்குலா' என்ற மஞ்சள் புள்ளி உண்டு. ஊசியில் நூல் கோப்பது, பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிப்பது எல்லாம் அதன் தயவு. அதற்கு நிறம் தருபவை லூட்டின், ஜியாக்சாந்தின் என்ற நிறமிகள். மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயர் ஜியா மேஸ். ஜியாக்சாந்தினுக்குப் பெயர் கொடுத்ததே அதுதான்.

இந்த நிறமிகள் நீல ஒளியை வடிகட்டுகின்றன. அதோடு காவல் வேலையும் உண்டு. விழித்திரை ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிக்கும் இடம். அங்கே வெளிச்சமும் சேரும்போது, வெறிகொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறந்து செல்களின் கொழுப்பை அரிக்கின்றன. நிறமிகள் அந்த வெறியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, வெப்பமாக வெளியேற்றிவிடுகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்பது இதுதான்.

நம் உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஆனால் இங்கே விளையும் மக்காச்சோளத்தை நாம் தின்பது குறைவு, பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோழியாலும் இவற்றைத் தயாரிக்க முடியாது. தின்ற மஞ்சளை மஞ்சள் கருவில் சேர்த்து வைக்கிறது. கருவில் கொழுப்பும் இருப்பதால் நம் குடல் அதை எளிதில் உறிஞ்சுகிறது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணியிலும் லூட்டின் உண்டு. பச்சை மூடியிருப்பதால் மஞ்சள் தெரிவதில்லை. கீரையை எண்ணெய் விட்டுத் தாளிப்பது ருசிக்கு மட்டுமல்ல: இவை கொழுப்பில் கரைபவை.

கேரட்டின் கதை வேறு. அதன் பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆகி, மாலைக்கண் வராமல் காக்கும்.

மாத்திரை? 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பின், மாக்குலா சிதைவு நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கான ஊட்டக் கலவையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஜியாக்சாந்தினும் இடம்பிடித்தன. புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்று ஆபத்தைக் கூட்டுவது முக்கியக் காரணம். இந்தக் கலவை நோய் முற்றுவதைத் தள்ளிப்போட உதவும். கண்புரையைக் கரைக்காது, கண்ணாடியைக் கழற்றவும் விடாது.

மாக்குலாவைச் சோதிக்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசல் நிலைச்சட்டத்தைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. நேர்ச்சட்டம் நெளிந்து தெரிந்தால் கீரையை நம்பி நாள் கடத்தாதீர்கள், கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.