நிவாரணப் பணமும் நியாயமும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னையோடு திருவள்ளூர் ஜில்லாவின் பல பகுதிகளும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் ரேஷன் கடைகளிலே ரொக்கமாகத் தமிழக சர்க்கார் வழங்கிற்று. அந்த ஜில்லாவின் திருநின்றவூரில், ஈசா ஏரி நிரம்பினால் வீட்டிற்குள் ஜலம் புகும் தெருக்கள் உண்டாதலால், ஊறி உப்பிய கட்டிலையும் ஓடாத கிரைண்டரையும் வாசலில் போட்டுவிட்டு டோக்கனோடு வரிசையில் நின்றவர்களின் கஷ்டத்தை எவரும் சந்தேகிக்க முடியாது. (மனத்திலேயே சிவாலயம் எழுப்பிய இவ்வூர்ப் பூசலார் நாயனாருக்குக் காசு தேவைப்படவில்லை, சம்சாரிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

ஆனால், மாடியில் குடியிருந்து ஒரு துளியும் நனையாதவர் தொகையை வாங்கிக் கைபேசிக்கு முன்பணம் கட்டுவதும், குடும்பத் தலைவர் வாங்கிய கையோடு டாஸ்மாக் கடைக்கு நடப்பதும் ஊரறிந்த சங்கதிகளே. 2015 வெள்ளத்தின்போது கணக்கெடுத்து வங்கி மூலம் 5,000 ரூபாய் செலுத்தினார்கள். அப்பொழுதோ, விடுபட்டோரின் புலம்பலே ஓங்கிற்று.

உதவிப் பணம் தகாத வழியில் போவது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியன்று. 2005இல் காத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்க சர்க்கார் வழங்கிய உதவியில் 60 கோடி முதல் 140 கோடி டாலர் வரை தகாத வழியில் போயிருக்கலாமென்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே மதிப்பிட்டது. உதவிப் பணத்தில் விலையுயர்ந்த ஷாம்பெயின் வாங்கியவரும் உண்டு.

சிலர் குடிக்கிறார்கள் என்பதற்காக எல்லோருக்கும் ரொக்கத்தை மறுப்பது அநீதி என்பதே என் அபிப்பிராயம். ஆனால், தண்ணீர் புகாத வீட்டுக்காரர்கள் அடுத்த முறையேனும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாக.