நீ என்ன செய்கிறாய்? - ஆட்டச் சந்தையும் எழுதுகிறவனின் தெம்பும்

1

எழுதாமலிருப்பதற்குக் காரணம் சொல்வது எழுதுகிறவர்களுக்குக் கைவந்த கலை. வேலை, பிள்ளைகள், குளிர், பதிப்பகங்களின் பாராமுகம், வாசகர் இல்லை என்கிற பழைய புலம்பல். பட்டியலில் ஒன்றும் பொய்யில்லை. மே 2009க்குப் பிறகு புலம்பெயர்ந்த எங்களில் பலருக்கு இந்தப் பட்டியலே தேவைப்படாமல் போயிற்று. எதை எழுத உட்கார்ந்தாலும் அது ஒன்றில் ஒப்பாரியாக வந்தது, இல்லாவிட்டால் வழக்குரையாக வந்தது. நான் எழுதுவதை நிறுத்தினேன். பாதியில் நின்ற நெடுங்கதை ஒன்று, முப்பத்தெட்டுப் பக்கம், குசினி அலுமாரியில் மின்சார பில்லுகளுக்குக் கீழே கிடந்தது.

2011 ஒக்டோபரில் அக்காவின் மகன் வந்து நின்றான். "மாமா, லீவு நாளில சும்மா வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? எஸனுக்கு வாங்கோ. பை தூக்க ஒரு ஆள் வேணும்." அங்கே நடப்பது ஆட்டச் சந்தை என்றான். நான் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைத்தேன். "இல்லை மாமா, மேசையில விளையாடுறது. தாயம் மாதிரி" என்றான். ஐம்பது வயதில் தாயம் விளையாட ரயிலேறிப் போனேன்.

அந்த ஒரு நாளில் நான் கண்டதை, அதற்குப் பின் பல ஒக்டோபர்களில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து யோசித்ததை, எழுதுகிற நண்பர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன். 'ஊக்கம்' என்று நாம் சொல்வது எழுதுகிறவனின் நெஞ்சுக்குள் இருக்கிற சரக்கா, அல்லது வெளியே மனிதர்கள் சேர்ந்து செய்துகொள்கிற ஏற்பாடா என்பதே கேள்வி.

2

முதலில் அந்த இடம். எஸன் ஆட்டச் சந்தை 1983இல் அந்த நகரத்தின் மக்கள் கல்விக்கூடத்தில், ஃப்ரீட்ஹெல்ம் மெர்ஸ் என்பவரின் ஏற்பாட்டில், ஆடுகிறவர்கள் கூடும் சிறு சந்திப்பாகத் தொடங்கியது. இன்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாலு நாள், நகரின் பொருட்காட்சி மண்டபங்களில் நடக்கிறது. 2019இல் வந்தவர்கள் 2 லட்சத்து 9 ஆயிரம் பேர். நியூரம்பேர்க் பொம்மைச் சந்தை வியாபாரிகளுக்கு மட்டுமானது. எஸனுக்கு டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம்.

புத்தகச் சந்தைக்குப் போய்ப் பழகியவனுக்கு இங்கே முதலில் கண்ணில் படுவது மேசைகள். கடைக்கு முன்னால், கடைக்குள்ளே, கடைக்குப் பின்னால் எங்கும் மேசைகள். ஒரு கதிரை காலியானால் முன்பின் தெரியாதவர் வந்து குந்துவார். விளக்குகிறவர் ஒருவர் நின்று பத்து நிமிடத்தில் விதிகளைச் சொல்லுவார். ஆட்டம் பிடிக்காவிட்டால் பாதியில் எழும்பிப் போகலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். புத்தகச் சந்தையில் பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குகிறோம். இங்கே பொருளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். ஆக்கியவன் அருகிலேயே நின்று, ஆடுகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒருவரைக் கண்டேன். வெள்ளை அட்டைப்பெட்டி, கத்தரிக்கோலால் வெட்டிய சீட்டுகள், வேறேதோ ஆட்டத்திலிருந்து இரவல் எடுத்த மரக்கட்டைகள். பதிப்பகத்தின் ஆட்களுக்குக் காட்டக் கொண்டுவந்த மாதிரி. அவர்கள் ஆடும்போது அவர் வாயே திறக்கவில்லை, சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டே இருந்தார். எங்கே சிரித்தார்கள், எங்கே யோசித்தார்கள், எங்கே கைத்தொலைபேசியை எடுத்தார்கள். தேரையும் தோணியையும் ஓட விட்டுப் பார்க்கிற வெள்ளோட்டம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கதைக்கு நாம் வெள்ளோட்டம் பார்ப்பதில்லை. அச்சாகி வந்தபிறகு, விமர்சனம் என்ற பேரில், கரையிலிருந்து கல்லெறிகிறோம்.

3

மருமகன் என்னை ஒரு வேடமேற்பு ஆட்ட மேசையில் இருத்திவிட்டுப் போனான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார்: இடத்தை, காலத்தை, எதிரே வருகிறவர்களை அவர் சொல்லுவார். பிறகு ஒவ்வொருவரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "நீ என்ன செய்கிறாய்?" பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். செய்வது கடினமான காரியமென்றால் பகடை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி பெரும்பாலும் கிடையாது.

எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவிச்சியின் பாத்திரம். பாலம் உடைந்த ஆறு. படகோட்டி இரட்டைக் கூலி கேட்கிறான். எங்களிடம் காசில்லை. ஒருவர் மிரட்டினார், ஒருவர் கெஞ்சினார். ஆட்டத்தை நடத்திய பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எனக்கு வாய் வரவில்லை. ஜேர்மன் போதாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கேள்வியே எனக்குப் புதிது. 1986இல் அகதி விசாரணையில் என்னிடம் கேட்டது "என்ன நடந்தது?" என்று. எங்கே, எப்போது, எத்தனை பேர், சாட்சி யார்? 2009க்குப் பிறகு பத்திரிகைக்காரரும் ஆய்வாளரும் நண்பர்களும் கேட்டதும் அதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கால் நூற்றாண்டாக அந்த ஒரு கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருந்த என் கை, 'நடந்தது' தவிர வேறொன்றை எழுத மறந்திருந்தது. அந்தப் பெண் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொன்னேன்: "படகோட்டியின் மனைவிக்கு இது எத்தனையாம் மாதம் என்று கேட்கிறேன்."

படகோட்டிக்கு மனைவி இருப்பதாக அவருடைய தாளில் எழுதியிருக்கவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தார், சிரித்தார், பென்சிலால் எழுதினார். "எட்டு" என்றார். மற்ற மூவரும் மேசைக்குக் கிட்டச் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வுதான் விஷயம். இரண்டரை வருடமாக ஒரு ஆள்கூட என் அடுத்த வசனத்துக்காக அப்படிச் சாய்ந்ததில்லை.

4

இந்த ஆட்டவகை பிறந்த கதையிலும் இதே சங்கதிதான். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுக்காக ஒரு போர் ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலத்து ஜேர்மன் நகரம் ஒன்று, பெயர் ப்ராவுன்ஷ்டைன், கற்பனை. படைகளை நகர்த்துவதோடு ஆளுக்கொரு பாத்திரமும் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் விதியை மறந்து தங்களுக்குள் பேசவும் சதிசெய்யவும் வாள்சண்டை பிடிக்கவும் தொடங்கினார்கள். ஆட்டம் குழம்பிப் படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். ஆட்டக்காரர்களோ இன்னொன்று நடத்து என்று விடாமல் கேட்டார்கள். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன் 1971இல் 'பிளாக்மூர்' என்ற தன் உலகத்தை நடத்தத் தொடங்கினார். 1974இல் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1000 பிரதி, நம் சிறுபத்திரிகைக் கணக்குத்தான்.

இருவரும் சந்தித்தது 1969இல் ஜென் கொன் என்ற கூடுகையில். கைகாக்ஸ் 1968இல் விஸ்கொன்சினின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், தோட்டக்கலை மண்டபத்தை 50 டொலருக்கு வாடகைக்குப் பிடித்துத் தொடங்கிய கூட்டம் அது. முதல் வருடம் வந்தவர்கள் நூறு பேரளவில். 2003இலிருந்து இந்தியானபோலிஸ் நகரில் நடக்கும் அதே கூட்டத்துக்கு இன்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். தன் ஆட்டம் தோற்றதென்று நினைத்த ஒருவர், இன்னொன்று கேட்ட நண்பர்கள், வாடகை மண்டபத்தில் ஒரு சந்திப்பு: இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வரலாறு வேறு. எது தோல்வி என்று தீர்மானிக்கும் வேலையை எழுதுகிறவன் தனியே செய்தால் தப்பாகத்தான் செய்வான்.

5

இங்கே தொண்ணூறுகளில் நாம் பக்கம் பக்கமாகச் சண்டைபிடித்த பழைய விவகாரம் ஒன்று திரும்பி வருகிறது: ஆசிரியனின் மரணம். ரோலான் பார்த் அந்தக் கட்டுரையை வெளியிட்டது 1967இல். பிரதியின் அர்த்தத்துக்கு எழுதியவன் எசமான் அல்ல, வாசகன் பிறக்க ஆசிரியன் சாக வேண்டும் என்ற வாதம். வேடமேற்பு மேசையைப் பார்த்தால், எந்தக் கோட்பாடும் படிக்காத ஆட்கள் அதைச் செய்துகாட்டிவிட்டார்களே என்று தோன்றும். அங்கே பிரதி என்பது பாதிதான். மீதியை ஆடுகிறவர்கள் எழுதுகிறார்கள். படகோட்டிக்கு மனைவி வந்தது அப்படித்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1988இல், நியூரம்பேர்க் சந்தையின்போது, ரைன்ஹோல்ட் விற்றிக் என்பவர் முன்வைக்க, பதின்மூன்று ஆட்ட ஆக்குநர்கள் பியர் கிளாசுக்குக் கீழே வைக்கும் அட்டையில் ஒரு பிரகடனம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: பெட்டியின் மேல் என் பெயரில்லாவிட்டால் என் ஆட்டம் பதிப்பகத்துக்கு இல்லை. அதுவரை பெரும்பாலான பெட்டிகளில் நிறுவனத்தின் பெயர்தான். 1991இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. ஜேர்மன் மொழியில் அவர்களுக்கான சொல் 'ஷ்பீலே-ஆவுட்டோர்', ஆட்ட ஆசிரியர். பாரிசில் ஆசிரியன் செத்து இருபத்தொரு வருடம் கழித்து நியூரம்பேர்க்கில் உயிர்த்தெழுந்தான். அமெரிக்காவிலும் ஆர்னெசன் தன் பெயருக்கும் உரிமைத்தொகைக்குமாக 1979இல் வழக்குப் போட வேண்டிவந்தது. 1981இல் சமரசம்.

இது முரணா? எனக்கு அப்படித் தெரியவில்லை. பெயர் அதிகாரமாகவும் இருக்கலாம், கூலிச்சீட்டாகவும் இருக்கலாம். அர்த்தத்தின் மேல் ஏறிக் குந்தியிருக்கும் ஆசிரியன் போகட்டும். உழைத்தவனின் பெயரை அழிப்பதற்குக் கோட்பாடு துணைபோகக் கூடாது. எழுத்தில் தங்கள் பெயரை அப்போதுதான் பதிக்கத் தொடங்கியிருந்த தலித்துகளும் பெண்களும், நாங்கள் வந்தவுடனா ஆசிரியன் சாக வேண்டும் என்று கேட்டதன் நியாயமும் இதுதான். மேசை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது: அர்த்தம் எல்லோருக்கும், பெயரும் கூலியும் உழைத்தவனுக்கு.

6

சும்மா புகழ்ந்துகொண்டிருக்கவும் கூடாது. சந்தை சந்தைதான். 2002இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'புவர்ட்டோ ரிக்கோ' ஆட்டத்தில் கரும்பு, புகையிலைத் தோட்டங்களில் வேலைக்கு வைக்கும் மண்ணிற மர வட்டுகளுக்கு 'குடியேறிகள்' என்று பெயர். அந்தத் தீவின் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் எங்கே? வட்டின் நிறத்தில் இருக்கிறார்கள், சொல்லில் இல்லை. மலையகத்து லயன்களைப் பார்த்த எவருக்கும் அந்த வட்டைக் கையில் எடுக்கக் கூசும். விமர்சனங்கள் எழுந்தபின், 2022இல், அடிமைமுறை ஒழிந்த பிற்காலமான 1897க்கு ஆட்டத்தை மாற்றிப் புதிதாக வெளியிட்டார்கள். விதிகள் வெறும் விதிகளல்ல, அவையும் கதையாடல்தான். யார் ஆடுகிறார், யார் வட்டாக நகர்த்தப்படுகிறார் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்கத்தான் வேண்டும்.

எழுதுகிறவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலு நாள் கூட்டத்தின் வெறி ஐந்தாம் நாள் இறங்கிவிடும். ஆயிரம் புதுப்பெட்டிகளைக் கண்டவனுக்குத் தன்னுடைய ஒன்று எதற்கு என்று தோன்றும். அடுத்த கூட்டத்தை நம்பி இடையில் எழுதாதிருக்கும் பழக்கமும் வரும். என் அனுபவத்தில் இதற்கு ஒரே மருந்து, சந்தையிலிருந்து திரும்பும்போது இன்னொருவரோடு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு வருவது. ஆட்டக்குழுக்கள் பிழைத்திருப்பது அப்படித்தான். அடுத்த வெள்ளி ஆறு மணி, யார் வீட்டில் என்பது முடிவாகாமல் எழும்ப மாட்டார்கள்.

7

1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு புலம்பெயர்ந்த எங்களுக்குக் கொஞ்சமல்ல, நிறையக் கொடுத்தது. இயக்கங்களுக்குப் பயப்படாமல் பேச ஒரு இடம், சண்டைபிடிக்கத் தோழர்கள். ஆனால் எங்கள் கூட்டங்களில் முடிந்த புத்தகத்தைத்தான் மேசையில் வைக்கிறோம். முடியாத ஒன்றை, வெள்ளைப் பெட்டியோடு, வெட்கமில்லாமல் கொண்டுவருவதில்லை. அரங்கேற்றம் எமக்குத் தெரியும், ஒத்திகையை ஒளித்துவைக்கிறோம். கூத்தில் இப்படி இல்லை. அண்ணாவியார் பழக்கும் மாதங்களில் பாதி ஊர் சுற்றியிருந்து பார்த்துப் பிழை சொல்லும்.

எஸனிலிருந்து திரும்பிய அடுத்த மாதம் நாலு பேர் சேர்ந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒருவர் வீட்டுக் குசினி. விதி மூன்றே: முடியாத இரண்டு பக்கம் கொண்டுவர வேண்டும். எழுதியவர் வாய் திறக்காமல் மற்றவர் முகத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கேட்டவர்கள் 'நல்லாயிருக்கு', 'சரியில்லை' என்று சொல்லக்கூடாது, பாத்திரத்தைக் காட்டி "இவ இப்ப என்ன செய்யிறா?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

முதல் ஞாயிறு என் முப்பத்தெட்டுப் பக்கத்தின் கடைசி இரண்டைக் கொண்டுபோனேன். கதையில் ஒரு தாய் முகாம் வாசலில் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் நிற்கிறாள். அங்கேதான் கதை நின்றிருந்தது, இரண்டரை வருடம் அவளும் அங்கேயே நின்றாள். என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்களில் மூத்தவரான அக்கா ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி தம்பி, அவ இப்ப என்ன செய்யிறா?"

எனக்குப் பதில் தெரியாது. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். அவர்கள் தேதியைக் கலண்டரில் எழுதினார்கள்.