வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமானது

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000-இல். அதே சாலையை ஒட்டி, துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரில் மக்கள் குடியேற்றப்பட்டதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு சாலையோரம் ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன. சற்று உள்ளே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசுக் குடியிருப்புகள் எழுந்தன. சுனாமியில் வீடிழந்தவர்கள், கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் எனப் பல்லாயிரம் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. பெரும்பாலோர் தலித் மக்கள்.

கூரை கெட்டியானது, உண்மை. ஆனால் மயிலாப்பூரில் காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று பாத்திரம் தேய்த்துவந்த பெண்ணுக்கு அந்த வீடுகள் இப்போது பல கிலோமீட்டருக்கு அப்பால். நடந்து போய்வந்த வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட முடியாது. 2021-இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவி. காசு மிச்சம், போகவர ஆகும் மணிக்கணக்கு அப்படியேதான் இருக்கிறது. கல்வியாண்டின் நடுவில் குடும்பத்தோடு பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பலருக்குப் படிப்பே நின்றுபோனது.

பக்கத்திலேயே ஐ.டி. நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை, காவல் வேலை. படித்த பிள்ளைகள் வேலைக்கு மனுப்போட்டாலும் விலாசத்தில் ‘கண்ணகி நகர்’ என்று எழுதத் தயங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு ஊர் ஒரு கெட்ட முத்திரை குத்தி வைத்திருக்கிறது.

இன்னொரு கூத்து: 2015 வெள்ளத்துக்குப் பின், ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லிப் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. பக்கத்துச் செம்மஞ்சேரியில் அடைமழை பெய்தால் இன்றும் தெருவில் தண்ணீர் நிற்கிறது.

இதற்கு மாற்று வழி சென்னைக்குத் தெரியாததல்ல. 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. நகரின் நடுவே அந்த வாரியக் குடியிருப்புகளை இன்றும் பார்க்கலாம். நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளின் இடம் வெளியே தள்ளிப்போனது. இனி ஓர் ஆற்றங்கரை ‘அழகுபடுத்தப்படுகிறது’ என்று செய்தி வந்தால், அங்கிருந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள்.